நேர்வழியில் போகாத நாவலை வாசிப்பது எப்படி: ஒரு முழுமையான வழிகாட்டி

கதையைத் தொடங்கி, நடத்தி, முடித்துவைக்க ஒரு கதைசொல்லி இருப்பார் என்று நம்பித்தான் நாவலைக் கையில் எடுக்கிறோம். சில நாவல்களில் அந்த ஆளைக் காணவே முடியாது. முதல் பக்கத்தில் ஒரு தந்தி. அடுத்து யாரோ யாருக்கோ எழுதிய கடிதம். பிறகு ஒரு செய்தித்தாள் துணுக்கு. நடுவில் பாதிப் பக்கத்தை விழுங்கும் அடிக்குறிப்பு. அல்லது, அத்தியாயங்களை எண் வரிசையில் படிக்க வேண்டியதில்லை என்று ஆசிரியரே முதலில் சொல்லிவிடுவார். முப்பது பக்கம் போராடிவிட்டு ‘நமக்கு ஒத்துவராது’ என்று மூடிவைப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலருக்கு மொழி ஒரு தடையே இல்லை. வழக்கமாகக் கதைசொல்லி செய்துதரும் வேலை இப்போது வாசகர் தலையில் விழுந்திருக்கிறது; அது என்ன வேலை என்று யாரும் சொல்லவில்லை.

இந்த வழிகாட்டி அந்த வேலையைப் பற்றியது. இதில் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை: இவ்வகை நாவலில் அடுக்குமுறையும் பேசுகிறது. எந்தத் தாள் முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது, எது அடிக்குறிப்புக்குத் தள்ளப்பட்டிருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பவை எல்லாம் கதைச் செய்திகள். அவற்றைப் படிக்கத் தெரிந்துவிட்டால் மிச்சம் வழக்கமான நாவல் வாசிப்புதான்.

தமிழ் வாசகருக்கு இது அவ்வளவு அந்நியமான பழக்கமும் இல்லை. சிலப்பதிகாரத்தின் பதிகம் அந்நூலை ‘உரையிடையிட்ட பாட்டுடைச் செய்யுள்’ என்கிறது. ஆசிரியப்பாவுக்கு நடுவே வரிப்பாடல்களும் குரவைப் பாடல்களும் உரைநடையும் வந்துபோகின்றன. திருக்குறளைப் பரிமேலழகர் உரையோடு படித்தவர்களுக்கு, மூலத்துக்கும் உரைக்கும் இடையே கண்ணை மாற்றி மாற்றி ஓட்டும் பயிற்சி ஏற்கெனவே உண்டு. மறைமலையடிகளின் ‘கோகிலாம்பாள் கடிதங்கள்’, முழுக் கதையையும் கடிதங்களாகவே சொல்லும் நாவல், 1921இல் வந்துவிட்டது.

படி 1: முதல் வரிக்கு முன் முழுப் புத்தகத்தையும் புரட்டுங்கள்

சாதாரண நாவலில் பின்பக்கங்களைப் புரட்டுவது பாவம். இங்கே அது கடமை. வரிகளைப் படிக்க வேண்டாம்; உருவத்தை மட்டும் பாருங்கள். பொருளடக்கம் இருக்கிறதா? அத்தியாயத் தலைப்புகள் ஆட்களின் பெயர்களா, தேதிகளா, வெறும் எண்களா? கடைசியில் சொல்லடைவோ பின்னிணைப்போ கால அட்டவணையோ உண்டா? எழுத்துரு மாறுகிறதா? ஓரங்களில் கையெழுத்துப் போல எதுவும் அச்சாகியிருக்கிறதா? ஐந்து நிமிடத்துக்கு மேல் ஆகாது.

இந்தப் புரட்டலின் முடிவில் உங்கள் கையிலிருப்பது எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று ஏறக்குறையத் தெரிந்துவிடும். கடிதம், நாட்குறிப்பு, அறிக்கை போன்ற ஆவணங்களால் ஆன நாவல் ஒரு வகை. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ (1897) இதற்கு எல்லோரும் அறிந்த எடுத்துக்காட்டு. மூலம், உரை, அடிக்குறிப்பு, அகராதி என்று அறிவுநூலின் வேடம் போடுவது இன்னொன்று. பல குரல்கள் மாறி மாறிப் பேசுவது மூன்றாவது. படிக்கும் வரிசையை வாசகரிடமே விட்டுவிடுவது நான்காவது. பக்கத்தின் தோற்றத்தைக் கொண்டே கதை சொல்பவை உண்டு: லாரன்ஸ் ஸ்டெர்ன் 1759 முதல் 1767 வரை பகுதி பகுதியாக வெளியிட்ட ‘டிரிஸ்ட்ரம் ஷாண்டி’யில் ஒரு பாத்திரம் இறந்ததும் முழுக் கருப்பு அச்சிட்ட பக்கம் வரும், பிறிதோரிடத்தில் ஒரு பெண்ணின் உருவத்தை நீங்களே வரைந்துகொள்ளுங்கள் என்று வெற்றுப் பக்கம் விடப்பட்டிருக்கும். கடைசியாக, தனக்குத்தானே ஒரு தடையை விதித்துக்கொண்டு எழுதப்பட்டவை. ஒரே நாவல் இரண்டு மூன்று குடும்பங்களில் உறவு வைத்திருக்கலாம். பிறகு வரும் படிகளில் எதற்கு அதிக நேரம் கொடுப்பது என்று தெரிந்துகொள்வதற்குத்தான் இந்தப் பிரிவினை.

பதிப்பைத் தேர்வுசெய்வதும் இந்தக் கட்டத்திலேயே நடக்க வேண்டும். பக்க அமைப்பு முக்கியமான நாவலை மின்னூலாக வாங்காதீர்கள். திரையின் அளவுக்கேற்ப வரிகள் இடம் மாறும்போது ஆசிரியர் திட்டமிட்டுச் செய்த பாதி வேலை அழிந்துவிடும். மார்க் டானியெலெவ்ஸ்கியின் ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ (2000) நாவலின் வண்ணப் பதிப்பில் ‘வீடு’ என்ற சொல் வரும் இடமெல்லாம் நீல நிறத்தில் இருக்கும். இரண்டு கதைசொல்லிகளுக்கு இரண்டு வெவ்வேறு எழுத்துருக்கள். இதைக் கைப்பேசியில் படிப்பது வீண். குரல்களால் ஆன நாவலுக்கு நிலைமை நேர்மாறு. ஜார்ஜ் சாண்டர்ஸின் ‘லிங்கன் இன் தி பார்டோ’ (2017) ஒலிநூலில் 166 பேர் குரல் கொடுத்திருக்கிறார்கள். அச்சில் யார் பேசுகிறார் என்று தடுமாறுபவர்களுக்கு அது பெரிய உதவி.

படி 2: நாவலின் விதி எது, அதைச் சொல்வது யார்?

பல நாவல்கள் தங்களைப் படிக்கும் முறையைத் தாங்களே சொல்லிவிடும். அவசரத்தில் முன்னுரையைத் தாண்டிவிடுபவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். ஜூலியோ கோர்த்தஸாரின் ‘ராயுவேலா’ (1963), ஆங்கிலத்தில் ‘ஹாப்ஸ்காட்ச்’, ஒரு பட்டியலோடு தொடங்குகிறது. 155 அத்தியாயங்களில் முதல் 56ஐ மட்டும் வரிசையாகப் படித்து முடித்துக்கொள்ளலாம். அல்லது அட்டவணையில் உள்ள எண்களைப் பின்பற்றி முன்னும் பின்னும் தாவலாம் என்கிறார் ஆசிரியர். பி. எஸ். ஜான்சனின் ‘தி அன்ஃபார்ச்சுனேட்ஸ்’ (1969) தைக்கப்படாத 27 பகுதிகளாக ஒரு பெட்டியில் வந்தது. முதலும் கடைசியும் எவை என்று குறித்திருக்கும். இடையிலுள்ள 25ஐயும் கலைத்துப் போட்டுப் படிக்கலாம்.

ஆனால் விதியைச் சொல்பவர் எப்போதும் ஆசிரியராக இருக்க வேண்டும் என்பதில்லை. நபோகோவின் ‘பேல் ஃபயர்’ (1962) நாவலில் 999 வரிக் கவிதை ஒன்று இருக்கிறது. அதை எழுதியவர் ஜான் ஷேட் என்ற கற்பனைக் கவிஞர். முன்னுரையும் நீண்ட உரையும் சொல்லடைவும் சார்லஸ் கின்போட் என்ற கற்பனைப் பதிப்பாசிரியருடையவை. முதலில் என் உரையைப் படியுங்கள், பிறகு கவிதைக்குப் போங்கள் என்று முன்னுரையில் அவர் அறிவுரை சொல்கிறார். வசதிக்காகப் புத்தகத்தை இரண்டு பிரதிகள் வாங்கிக்கொள்ளலாம் என்று கூடச் சொல்கிறார். இது அறிவுரையா, அல்லது கவிதையைத் தன் கைக்குள் வைத்துக்கொள்ள விரும்பும் ஒருவரின் தந்திரமா? கோர்த்தஸாரின் அட்டவணையை நம்பலாம். கின்போட்டை நம்புவதற்கு முன் அவரைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆகவே, விதியைக் கண்டதும் அது அட்டைக்கு வெளியிலிருந்து வருகிறதா, கதைக்குள்ளிருந்து வருகிறதா என்று கேளுங்கள். கதைக்குள்ளிருந்து வந்தால் விதியும் சந்தேகத்துக்கு உரியதே.

விதி எதுவும் இல்லையென்றால் அச்சிட்ட வரிசையிலேயே படியுங்கள். சொந்தமாக வரிசை கண்டுபிடிக்கும் ஆசை முதல் வாசிப்பில் வேண்டாம்.

படி 3: ஒவ்வொரு தாளிடமும் நான்கு கேள்விகள்

ஆவண நாவல்களுக்கு இதுதான் அடிப்படைப் பயிற்சி. மற்ற வகைகளிலும் பாதிக்குப் பாதி உதவும். எழுதியவர் யார்? யாருக்கு எழுதினார்? எப்போது? எழுதும் நேரத்தில் அவருக்குத் தெரியாதது என்ன? நான்காவது கேள்வியைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம்.

ஒரு கற்பனை நாவலின் நான்கு தாள்களை வைத்து இதைச் செய்து பார்க்கலாம். முதல் தாள், மார்ச் 3 தேதியிட்ட கடிதம். அண்ணன் தங்கைக்கு எழுதுகிறான்: ‘அப்பா நலமாக இருக்கிறார். வீட்டை விற்றுவிடுவது என்று அவராகவே முடிவெடுத்துவிட்டார். நீ அலைந்து வர வேண்டாம்.’ இரண்டாவது தாள், மார்ச் 1 தேதியிட்ட மருத்துவமனைப் பதிவு: ‘நோயாளி நினைவிழந்த நிலையில் சேர்க்கப்பட்டார். உடன் வந்தவர்: மகன்.’ மூன்றாவது, மார்ச் 9இல் பதிவான விற்பனைப் பத்திரம். விற்பவரின் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் ரேகை. நான்காவது, தேதியில்லாத ஒரு சிறு கடிதம். தங்கை எழுதுகிறாள்: ‘அப்பாவின் கையெழுத்து எவ்வளவு அழகு என்று உனக்கு நினைவிருக்கிறதா, அண்ணா?’

அண்ணன் ஏமாற்றினான் என்று எந்தத் தாளிலும் எழுதவில்லை. நாமே அந்த முடிவுக்கு வந்துவிட்டோம். இந்த நாவல்களின் இன்பம் பெருமளவு இதில்தான் இருக்கிறது: குற்றச்சாட்டு வாசகர் வாயிலிருந்து வருகிறது. இப்போது நான்கு கேள்விகளையும் கேட்டால் இன்னும் சில கதவுகள் திறக்கும். அண்ணன் கடிதம் எழுதிய நாளில் அப்பா மருத்துவமனையில் இருப்பது அவனுக்குத் தெரியும், தங்கைக்குத் தெரியாது. தங்கையின் கடிதத்தில் தேதி ஏன் இல்லை? பத்திரத்தைப் பார்த்த பிறகு எழுதியதா, அல்லது எதுவும் தெரியாமல் அப்பாவை நினைத்துத் தற்செயலாக எழுதியதா? முதலாவது என்றால் அது ஊசி. இரண்டாவது என்றால் அது வெறும் பாசம். ஆனால் படிக்கும் அண்ணனுக்கு அதுவே இன்னும் கொடிய ஊசி.

இத்தோடு நிறுத்தினால் பாதிதான் படித்திருக்கிறோம். ஐந்தாவதாக ஒரு கேள்வி, தாளைப் பற்றியல்ல, கட்டைப் பற்றி: இவற்றை இந்த வரிசையில் சேர்த்தது யார்? மார்ச் 1 தேதித் தாள் மார்ச் 3 தேதித் தாளுக்குப் பின்னால் வைக்கப்பட்டிருக்கிறது. தொகுத்தவர், நாம் அண்ணனை முதலில் நம்பிப் பிறகு அந்த நம்பிக்கையை இழக்க வேண்டும் என்று விரும்பியிருக்கிறார். தொகுத்தவர் தங்கை என்றால் அவள் இந்த வழக்கில் ஒரு கட்சிக்காரி. அண்ணன் எழுதிய வேறு கடிதங்கள் இருந்தனவா? மருத்துவச் செலவுக்காகத்தான் வீடு விற்கப்பட்டது என்று சொல்லும் தாள் ஏதேனும் வெளியே வைக்கப்பட்டதா? ஆவண நாவலில் ஆவணங்கள் எவ்வளவு முக்கியமோ, அந்தத் தொகுப்பாளரின் கையும் அவ்வளவு முக்கியம்.

‘டிராகுலா’வை இந்தக் கண்ணோடு படித்தால் வேறு புத்தகமாகத் தெரியும். அதன் நாட்குறிப்புகளையும் ஒலிப்பதிவுகளையும் தந்திகளையும் தட்டச்சு செய்து வரிசைப்படுத்துபவள் கதைக்குள் இருக்கும் மீனா. நாவலின் கடைசிக் குறிப்பில் ஜோனத்தன் ஹார்க்கர், இந்தக் குவியலில் மூல ஆவணம் என்று சொல்லத்தக்கது ஏறக்குறைய எதுவுமே இல்லை, எல்லாம் தட்டச்சுப் பிரதிகள் என்று ஒப்புக்கொள்கிறார். தொடக்கத்தில் வரும் குறுங்கடிதம் போன்ற சில வரிகளைத் தவிர டிராகுலாவின் தரப்பு எங்கும் இல்லை. வேட்டையாடியவர்கள் தொகுத்த வேட்டைக் குறிப்பு அது.

யாருக்கு எழுதப்பட்டது என்ற கேள்வியின் கனத்தை அறிய ஷோபாசக்தியின் ‘கொரில்லா’ (2001) போதும். அது புகலிடக் கோரிக்கைக் கடிதத்தில் தொடங்குகிறது. ஓர் அதிகாரியை நம்பவைக்க எழுதப்படும் தாளில் ஒருவர் தன் வாழ்க்கையை எப்படிச் சொல்வார், எதைச் சொல்லாமல் விடுவார், அதே வாழ்க்கை அதிகாரி இல்லாத இடத்தில் எப்படி ஒலிக்கும் என்ற இடைவெளியை வாசகர் தானே அளந்துகொள்ள வேண்டும்.

படி 4: ஒரே ஒரு தாளில் குறிப்பெடுங்கள்

குறிப்பு அவசியம். ஆனால் நோட்டுப்புத்தகம் வேண்டாம். குறிப்பு எடுக்கும் ஆர்வம் வாசிப்பைத் தின்றுவிடும். புத்தகத்துக்குள் மடித்து வைக்கக்கூடிய ஒரு தாள் போதும். இடப்பக்கம் பெயர்கள், வலப்பக்கம் தேதிகள், கீழே விடை தெரியாத கேள்விகள். தாள் நிரம்பினால் எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அதற்குள் நாவல் உங்கள் நினைவில் பிடித்துக்கொண்டிருக்கும்.

சங்கேதங்களை உடைக்கப் புறப்படுவதும் முதல் வாசிப்புக்கு ஆகாது. ஒவ்வொரு எண்ணுக்கும் நிறத்துக்கும் பொருள் தேடும் வாசகர், ஒரு தாய் அழுவதைக் கவனிக்காமல் பக்கத்தைத் தாண்டிவிடுவார். புதிர் எங்கும் ஓடிவிடாது.

படி 5: அடிக்குறிப்பு வந்தால்

இரண்டு அடையாளத் தாள்கள் வைத்துக்கொள்ளுங்கள்: மூலத்துக்கு ஒன்று, குறிப்புக்கு ஒன்று. அடிக்குறிப்பு மூன்று நான்கு வரிகள் என்றால் எண்ணைக் கண்டதும் படித்துவிட்டுத் திரும்புங்கள். பக்கக்கணக்கில் நீண்டால் மூலத்தின் பத்தியையோ அத்தியாயத்தையோ முடித்துவிட்டு இறங்குங்கள். குறிப்புக்குள்ளிருந்து இன்னொரு குறிப்புக்கு அனுப்பினால், ஒரு முறை போங்கள். அங்கிருந்தும் வேறெங்கோ அனுப்பினால் திரும்பி வந்துவிடுங்கள்.

அடிக்குறிப்பைத் தவிர்த்துவிட்டுப் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் கறாரானது: கூடாது. ஆய்வுநூலில் அது துணை. இங்கே அது கதை. ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸ்’ நாவலில் ஸம்பானோ என்ற முதியவர் ஓர் ஆவணப்படத்தைப் பற்றி எழுதிய ஆய்வு மேலே போகிறது. அதைக் கண்டெடுத்த ஜானி ட்ரூவண்ட் என்ற இளைஞனின் வாழ்க்கை அடிக்குறிப்பில் குலைகிறது. கீழ்த்தளத்தைத் தாண்டிவிட்டால் ஒரு மனிதனின் சரிவையே பார்க்காமல் போய்விடுவோம். அதன் மேற்கோள்களில் உண்மையான நூல்களும் இல்லாத நூல்களும் கலந்திருக்கும். எது மெய், எது பொய் என்று நடுவில் இணையத்தில் தேடாதீர்கள். அந்த ஐயத்தோடு வாசகர் இருக்க வேண்டும் என்பதே ஏற்பாடு.

ஓரக்குறிப்பு நாவலுக்குத் தனி வழி உண்டு. ஜே. ஜே. ஆப்ரம்ஸும் டக் டோர்ஸ்டும் உருவாக்கிய ‘எஸ்.’ (2013) ஒரு பழைய நூலகப் புத்தகத்தின் வேடத்தில் இருக்கும். அதன் ஓரங்களில் இருவர் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறார்கள். மையின் நிறம் மாறுவது காலம் மாறுவதைக் காட்டும். ஒவ்வோர் அத்தியாயத்திலும் மையப் பிரதியை முதலில் முடித்துவிட்டு, பிறகு ஓரங்களுக்குத் திரும்புவது களைப்பைக் குறைக்கும். இடையில் செருகியிருக்கும் அஞ்சலட்டை முதலியவற்றை வெளியே எடுத்தால் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தோம் என்று மெல்லிய பென்சிலில் குறித்துவிடுங்கள்.

படி 6: பல குரல்களைப் பிரித்தறிதல்

பேசுபவர் பெயரை அத்தியாயத் தலைப்பே சொல்லிவிட்டால் வேலை எளிது. ஓரான் பாமுக்கின் ‘என் பெயர் சிவப்பு’, ஜி. குப்புசாமியின் தமிழாக்கத்தில் கிடைக்கிறது. அதில் பிணம் பேசும், நாய் பேசும், மரமும் நாணயமும் பேசும். தலைப்பு ஒவ்வொரு முறையும் அறிமுகம் செய்துவிடும். ஒரு நுணுக்கத்தை மட்டும் கவனியுங்கள்: கொலைகாரன் ‘கொலைகாரன்’ என்ற பெயரில் பேசுவதோடு, தன் சொந்தப் பெயரிலும் வேறு அத்தியாயங்களில் வந்து பேசுகிறான். இரண்டு குரல்களின் பேச்சுப் பழக்கத்தை ஒப்பிட்டுக்கொண்டே போனால் துப்பறியும் சுவை கிடைக்கும்.

தலைப்பு உதவாத நாவல்களும் உண்டு. அவற்றில் வில்லியம் ஃபாக்னரின் ‘தி சவுண்ட் அண்ட் தி ஃப்யூரி’ (1929) பலரைத் திரும்பி ஓடவைத்தது. நான்கு பகுதிகள், தலைப்புகள் 1928 ஏப்ரல் 7, 1910 ஜூன் 2, 1928 ஏப்ரல் 6, 1928 ஏப்ரல் 8. முதல் பகுதியைச் சொல்பவர் பென்ஜி. அவருக்கு நேற்றும் முப்பது ஆண்டுக்கு முந்தைய நாளும் ஒன்றுதான். ஒரு வாசனையோ ஒரு சொல்லோ பட்டால் காலம் தாவிவிடும். எழுத்து சாய்ந்தால் காலம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எல்லா மாற்றமும் சாய்வெழுத்தில் குறிக்கப்படாது. பென்ஜியை யார் பார்த்துக்கொள்கிறார் என்பது நம்பகமான துப்பு: பராமரிப்பவர் பெயர் மாறினால் காலம் மாறியிருக்கிறது. குவென்டின் என்ற பெயர் ஒரு மாமனுக்கும் அவருடைய மருமகளுக்கும் இருக்கிறது. ‘அவன்’ வந்த இடத்தில் ‘அவள்’ வந்தால் அச்சுப்பிழை என்று நினைத்துவிடாதீர்கள்.

இப்படிப்பட்ட பகுதியில் ஒவ்வொரு வாக்கியத்தையும் புரிந்துகொண்டுதான் நகர்வேன் என்று பிடிவாதம் பிடித்தால் தோல்விதான். வேகத்தைக் குறைக்காமல், ஒரே அமர்வில், முடிந்தவரை நீளமாகப் படியுங்கள். ஃபாக்னரின் நான்காம் பகுதி வெளியிலிருந்து தெளிவாகப் பேசும். முதல் பகுதியின் பெரும்பாலான முடிச்சுகள் அங்கே தானாக அவிழும்.

நம் மொழியில் இரண்டே குரல்களைக் கொண்டு இந்தப் பயிற்சியைத் தருவது சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ (1981). முற்பகுதியில் பாலு என்ற தமிழ் எழுத்தாளர், ஜோசஃப் ஜேம்ஸ் என்ற கற்பனை மலையாள எழுத்தாளரைத் தேடுகிறார், பிற்பகுதி ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. பாலு வியந்து காட்டிய ஆளும் நாட்குறிப்பில் தன்னோடு மல்லுக்கு நிற்கும் ஆளும் எங்கே ஒன்றுபடுகிறார்கள், எங்கே விலகுகிறார்கள் என்று கேட்டபடி படிக்க வேண்டும். முதல் வாக்கியமே ஆவணத்தின் மிடுக்கோடு இருக்கும்: ஜே.ஜே. இறந்தது 1960 ஜனவரி 5, பிரெஞ்சு எழுத்தாளர் ஆல்பெர் காம்யு விபத்தில் மாண்டதற்கு மறுநாள். காம்யு இறந்தது உண்மையிலேயே ஜனவரி 4. ஒரு கற்பனை மரணத்தை உண்மை மரணத்தின் பக்கத்தில் வைத்ததும் கற்பனைக்கும் நாள்காட்டியில் இடம் கிடைத்துவிடுகிறது.

படி 7: வரிசை உங்கள் கையில் இருந்தால்

ஒரு வரிசையை முடிவு செய்தபின் மாற்றாதீர்கள். பாதியில் வேறு வழிக்குத் தாவினால் இரண்டு அனுபவமும் கிடைக்காது. அகராதி வடிவில் அமைந்த மிலோராத் பாவிச்சின் ‘கஸார்களின் அகராதி’ (1984) போன்றவற்றை எங்கிருந்தும் தொடங்கலாம். கிறிஸ்தவ, இஸ்லாமிய, யூதத் தரப்புகளுக்கு மூன்று நூல்கள் அதற்குள் உண்டு. ஒரே பதிவை மூன்றிலும் அடுத்தடுத்துப் படிப்பது நல்ல வழி, ஏனெனில் கஸார் மக்கள் மதம் மாறிய ஒரே நிகழ்வை மூன்று மரபும் தத்தம் வெற்றியாக எழுதிவைத்திருக்கும்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) முடிவதைத் தொடர்ந்து ‘ஆலவாயன்’, ‘அர்த்தநாரி’ என்று இரண்டு நாவல்கள். இரண்டும் அடுத்தடுத்த பாகங்கள் இல்லை. ஒன்றில் நாயகன் காளி இறந்துவிட்டான், மற்றதில் பிழைத்துக்கொள்கிறான். எதை முதலில் எடுத்தாலும் இரண்டாவதைப் படிக்கையில் முதலாவதன் நிழல் விழும். இரண்டுக்கும் நடுவே சில வாரங்கள் விட்டுப் படிப்பது எனக்கு உவப்பான முறை.

படி 8: தடையோடு எழுதப்பட்டவை

ஜார்ஜ் பெரெக்கின் ‘லா டிஸ்பாரிஸியோன்’ (1969) ‘e’ என்ற எழுத்தை ஓரிடத்திலும் பயன்படுத்தாமல் எழுதிய நாவல். கில்பர்ட் அடைரின் ஆங்கில மொழிபெயர்ப்பும் அந்தத் தடையை ஏற்றுக்கொண்டது. தமிழில் சாரு நிவேதிதாவின் ‘ஸீரோ டிகிரி’யில் வரும் எண்கள் பெரும்பாலும் கூட்டினால் ஒன்பது வருபவை. தடையை முன்கூட்டியே தெரிந்துகொள்வதில் தவறில்லை. ஆனால் அதைச் சரிபார்க்கும் தணிக்கை அதிகாரியாக மாறிவிடாதீர்கள். தடை எதைச் சொல்லவிடாமல் செய்கிறது என்று பாருங்கள். பெரெக்கின் தந்தை போரில் இறந்தார். தாய் அவுஷ்விட்ஸ் நாஜி வதைமுகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். அந்த எழுத்து இல்லாமல் பிரெஞ்சில் தாய், தந்தை என்ற சொற்களையும் பெரெக் என்ற பெயரையும் எழுத முடியாது.

படி 9: இது தேவைதானா என்று கேட்கும் உரிமை

வடிவம் புதிதாக இருப்பதாலேயே நாவல் உயர்ந்துவிடாது. பாதி தாண்டியதும் ஒரு சோதனை வையுங்கள்: இதே கதையை ஒருவர் நேராகச் சொல்லியிருந்தால் எதை இழந்திருப்போம்? விடை உடனே வந்தால் வடிவம் தன் வேலையைச் செய்கிறது. ஜான்சனின் பெட்டி நாவலில், கால்பந்துப் போட்டியைப் பற்றி எழுத ஒரு நகரத்துக்குப் போனவருக்குப் புற்றுநோயில் இறந்த நண்பரின் நினைவுகள் ஒழுங்கின்றி வருகின்றன. தைக்காத தாள்கள் அந்த ஒழுங்கின்மையை நம் கையிலேயே கொடுக்கின்றன. ஜெனிஃபர் ஈகனின் ‘எ விசிட் ஃப்ரம் தி கூன் ஸ்குவாட்’ (2010) நாவலில் ஓர் அத்தியாயம் முழுவதும் பவர்பாயிண்ட் படவில்லைகள். ஒரு சிறுமி தன் அண்ணனைப் பற்றித் தயாரித்தவை. ராக் பாடல்களின் நடுவில் வரும் மௌன இடைவெளிகள் மீது அந்த அண்ணனுக்குத் தீராத ஈடுபாடு. சொற்களுக்கு நடுவிலுள்ள வெற்றிடம் அங்கே கதையாகிறது.

விடை வரவே இல்லையென்றால், வெறும் வித்தை என்று முடிவுகட்டிப் புத்தகத்தை வைத்துவிடலாம். அப்படி வைத்துவிடத்தக்க நாவல்கள் உண்டு. அவற்றை முடிக்காததற்காக யாரும் கூச வேண்டியதில்லை. முடிவெடுக்கும் முன் மூன்றில் ஒரு பங்கு வரையாவது போயிருக்க வேண்டும். அதற்குள் தன் விதியைக் கற்றுத்தராத நாவலிடம் பொறுமை காட்டுவது வாசகரின் கடமை இல்லை.

விமர்சனக் கட்டுரைகளையும் பாத்திர அட்டவணைகளையும் முதல் வாசிப்பு முடியும்வரை தள்ளிவையுங்கள். குடும்ப மரம் ஒன்றைப் பார்த்துக்கொள்ளலாம். அதற்கு மேல் வேண்டாம்.

படி 10: எதிலிருந்து தொடங்குவது, எப்படித் திரும்பிப் போவது

முதல் புத்தகமாக ‘ஹவுஸ் ஆஃப் லீவ்ஸை’ எடுப்பவர்கள் பெரும்பாலும் அதோடு இந்த வகையையே விட்டுவிடுகிறார்கள். அ. முத்துலிங்கத்தின் ‘உண்மை கலந்த நாட்குறிப்புகள்’ (2008) இதமான தொடக்கம். ஒவ்வோர் அத்தியாயமும் தனிக்கதை போல நிற்கும், சேரும்போதுதான் ஒரு வாழ்க்கை தெரியும். டேனியல் கீஸின் ‘ஃப்ளவர்ஸ் ஃபார் ஆல்ஜர்னான்’ (1966) இன்னும் எளிது: அறிவுக் குறைபாடுள்ள ஒருவர் எழுதும் முன்னேற்ற அறிக்கைகள், அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவர் எழுத்துப்பிழைகள் குறைவதைக் கண்ணால் காணலாம். அடுத்து ‘ஜே.ஜே’, பிறகு ‘என் பெயர் சிவப்பு’, பிறகு ‘பேல் ஃபயர்’ என்று ஏறலாம். ஃபாக்னரும் டானியெலெவ்ஸ்கியும் கடைசியில் காத்திருக்கட்டும்.

இரண்டாம் வாசிப்பில் முழுவதையும் திரும்பப் படிக்க வேண்டியதில்லை. முதல் இருபது பக்கங்களுக்குப் போங்கள், அங்கே மறைத்துவைத்தவை இப்போது தெரியும். உங்கள் ஒற்றைத் தாளின் அடியில் விடை கிடைக்காமல் நிற்கும் கேள்விகளுக்குரிய பக்கங்களை மட்டும் திறந்து பாருங்கள். ‘பேல் ஃபயர்’ என்றால் இம்முறை கின்போட்டின் பேச்சை ஓரமாக வைத்துவிட்டுக் கவிதையை மட்டும் படியுங்கள். ‘ராயுவேலா’ என்றால் இரண்டாம் வழிக்கு இப்போது நேரம் வந்திருக்கிறது: 73ஆம் அத்தியாயத்தில் தொடங்க வேண்டும். 55ஐத் தேடாதீர்கள், அது அந்த அட்டவணையில் இல்லை. கடைசியில் 131, 58, மறுபடி 131 என்று எண்கள் சுற்றத் தொடங்கும். எப்போது நிறுத்துவது என்று அட்டவணை சொல்லாது.